‘வில்’ இருக்கிறது, எதிர்காலம் இல்லையா?

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம் முதலாண்டு படிக்கிறேன். பள்ளி நாளிலேயே ரென் அண்ட் மார்ட்டின் பயிற்சிகளை ஒன்று விடாமல் போட்டவள்; கிராமரில் எனக்கு மார்க் குறைந்ததே இல்லை. இப்போது ஆங்கில மொழியமைப்புத் தாளில் முதல் இன்டர்னலில் 25க்கு 9. “ஆங்கிலத்தில் ஃபியூச்சர் டென்ஸ் கிடையாது” என்று மேடம் சொன்ன நாளிலிருந்து எதுவும் மண்டையில் ஏறவில்லை. வாக்கியத்தைக் கிளை கிளையாகப் பிரித்துக் காட்டும் ட்ரீ டயகிராம் என்றாலே பயம். எதை மனப்பாடம் செய்ய வேண்டும்? இதைப் படித்தால் இங்கிலீஷ் சரளமாகப் பேச வருமா?

பதில்: மனப்பாடம் செய்ய இந்தத் தாளில் அதிகம் இல்லை. உங்களுக்குச் சிக்கல் அங்கேதான் வந்திருக்கிறது. பள்ளியில் “எது சரி?” என்று கேட்டார்கள். இங்கே “அப்படி எதை வைத்துச் சொல்கிறாய்?” என்று கேட்கிறார்கள். ஒரு சொல்லுக்குப் பெயர் சூட்டிவிட்டு நகர்ந்தால் அரை மார்க். வாக்கியத்தைப் புரட்டிப் போட்டு நிரூபித்தால்தான் மீதி.

உங்களைக் குழப்பிய ஃபியூச்சர் டென்ஸையே எடுத்துக்கொள்வோம். இதில் தமிழ் மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு வம்பு உண்டு. டைமுக்கும் நாம் காலம் என்கிறோம், டென்ஸுக்கும் காலம் என்கிறோம். ஒன்று கடிகாரத்தில் ஓடுவது. மற்றது வினைச்சொல்லின் உருவத்தில் ஒட்டியிருப்பது. ‘வாக்’ என்பது ‘வாக்ட்’ ஆகும்போது உருவம் மாறுகிறது. நாளைக்கு நடப்பதைச் சொல்ல அந்த வினைக்கென்று ஓர் உருவம் இல்லை; ‘வில்’லைத் துணைக்குக் கூப்பிடுகிறது. அந்த ‘வில்’ யார் என்று பார்த்தால், ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’ கூட்டத்தில் ஒருவர். ‘ஹி’ முன்னால் வந்தாலும் எஸ் ஏற்காது; பின்னால் வரும் வினையில் ‘டு’ சேர விடாது. வேலையும் எதிர்காலத்தோடு முடிவதில்லை. வாசலில் மணி அடிக்கிறது, ‘தட் வில் பி தி போஸ்ட்மேன்’ என்கிறார்கள். அவர் நாளைக்கு வரப்போகிறவர் இல்லை, இப்போதே வாசலில் நிற்கிறார். ‘தி ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ’ என்பதில் நாளைக்குப் புறப்படும் ரயிலுக்கு நிகழ்கால உருவம் போதுமானதாக இருக்கிறது.

தமிழில் ‘வருவான்’ என்ற சொல்லுக்குள்ளேயே எதிர்கால இடைநிலை இருக்கிறது. ஆனாலும் “அந்தக் காலத்தில் தாத்தா நாலு மணிக்கே எழுந்துவிடுவார்” என்கிறோமே, அது நாளையச் சேதியா? உருவம் வேறு, கடிகாரம் வேறு என்பதற்கு நம் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. மேடம் சொன்னது இவ்வளவுதான்: எதிர்காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேச முடியும், அதற்கென்று வினைக்கு ஒரு தனி உருவம் கிடையாது.

அடுத்தது ட்ரீ. படத்தை வரைந்துவிட்டுக் காரணம் தேடுவதால்தான் பயம் வருகிறது. முதலில் சோதனை, அப்புறம் படம். இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்: ‘ஹி டர்ன்ட் ஆஃப் தி லைட்’ (விளக்கை அணைத்தான்), ‘ஹி டர்ன்ட் ஆஃப் தி ரோட்’ (சாலையை விட்டுத் திரும்பினான்). பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ‘ஆஃப்’பைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ‘ஹி டர்ன்ட் தி லைட் ஆஃப்’ நிற்கிறது. ‘ஹி டர்ன்ட் தி ரோட் ஆஃப்’ என்றால் சாலையை அணைத்த மாதிரி ஆகிவிடும். முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, இது செல்லாது என்று காட்டுங்கள். இப்போது ‘இட்’ போட்டுப் பாருங்கள். விளக்கு என்றால் ‘டர்ன்ட் இட் ஆஃப்’தான், சாலை என்றால் ‘டர்ன்ட் ஆஃப் இட்’தான். ஆக, இரண்டாவதில் ‘ஆஃப் தி ரோட்’ ஒரே கிளையில் சேர்ந்து தொங்குகிறது. முதலாவதில் ‘ஆஃப்’ தனியாக வினையோடு ஒட்டிக்கொண்டு, ‘தி லைட்’ செயப்படுபொருளாக நிற்கிறது. இவ்வளவு தெரிந்த பிறகு படம் வரைய இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இன்னொரு இடத்திலும் நிறைய மார்க் போகும். ஒருத்தர் தொழிலில் தச்சர். கல்யாணப் பந்தலில் பெண்ணின் அப்பா. சொல்லின் வகையும் அது பார்க்கும் வேலையும் அப்படித்தான். ‘ஸ்கூல் டீச்சர்’ என்பதில் ‘ஸ்கூல்’ டீச்சருக்கு அடையாக வேலை பார்க்கிறது. அதனால் அது அட்ஜெக்டிவ் ஆகிவிடாது. ‘வெரி ஸ்ட்ரிக்ட் டீச்சர்’ உண்டு, ‘வெரி ஸ்கூல் டீச்சர்’ உண்டா?

நூலுக்கு நூல் பெயர்களும் மாறும். ராண்டால்ஃப் குவர்க்கும் மற்ற மூவரும் எழுதி 1985இல் வந்த பேரிலக்கணத்தில் ‘பிகாஸ்’ ஓர் இணைப்புச் சொல். ஹடில்ஸ்டன், புல்லம் தலைமையில் 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் இலக்கணத்திலோ அது ‘இன்’, ‘ஆன்’ போல ஒரு பிரிப்போசிஷன்! இரண்டையும் கலந்து எழுதாதீர்கள். உங்கள் பாடத்திட்டம் எதைப் பின்பற்றுகிறது என்று மேடத்திடம் கேட்டு அதன்படியே எழுதுங்கள். (டென்ஸ் விஷயத்தில் கவலை வேண்டாம், இரண்டு நூலுமே ஆங்கிலத்துக்கு ஃபியூச்சர் டென்ஸ் இல்லை என்றுதான் சொல்கின்றன.)

“வாக்கியம் செல்லுமா செல்லாதா என்று எனக்கு எப்படித் தெரியும், அது என் தாய்மொழி இல்லையே” என்று என் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காதை மட்டும் நம்பாதீர்கள். பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்று சுமார் 10 கோடிச் சொற்கள் கொண்ட தொகுப்பு இணையத்தில் இருக்கிறது; பதிவு செய்துகொண்டு இலவசமாகத் தேடலாம். அங்கே பலர் எழுதிய உதாரணங்கள் கிடைத்தால் நல்ல சான்று. ஒன்றுமே கிடைக்காவிட்டால் தவறு என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள், அரிதாகவும் இருக்கலாம்.

சரளம்? இந்தத் தாள் அதைத் தராது. உடற்கூறு படித்தவர் எல்லாம் ஓட்டப்பந்தயம் ஓடுவதில்லையே. பேச்சுக்குத் தோழியோடு தினம் அரை மணி ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் இலக்கணம் பேசாதீர்கள்.

அடுத்த இன்டர்னலுக்கு ஒரு மாதம் இருந்தால், நாளுக்கு ஒரு செய்தித் தலைப்பு எடுங்கள். சொற்களை நகர்த்துங்கள், ‘இட்’ போட்டு மாற்றுங்கள், கேள்வியாக்குங்கள். முதல் 10 நாள் ட்ரீ பக்கமே போக வேண்டாம். பிறகு அதே 10 தலைப்புகளுக்கும் படம் வரைந்து, ஒவ்வொரு கிளைக்கும் பக்கத்தில் எந்தச் சோதனையால் வந்தது என்று ஒரு வரி எழுதி, மேடத்திடம் காட்டித் திருத்தி வாங்குங்கள்.