வாசலில் பருத்தி: முளைத்த கன்று ஏன் சாய்கிறது?

கேள்வி: மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். முன்பு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தபோது பக்கத்து வீட்டுப் பருத்திச் செடி என் கண்ணிலேயே நிற்கிறது. காலையில் வெளிறிய பூ, மறுநாள் ரோஜா நிறமாகிவிடும். அந்தச் செடியிலிருந்து போன வருடம் எடுத்து வைத்த விதையில் 10 போட்டேன். 3தான் முளைத்தன. அவையும் ஒரு வாரத்தில் தண்டு கருத்துச் சாய்ந்துவிட்டன. அழகுக்கும் வேண்டும், கார்த்திகை விளக்குத் திரிக்கும் வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கருத்துச் சாய்ந்தால் அது அழுகல் நோய். மண் ஓயாமல் ஈரமாக இருந்திருக்கிறது. நாற்றுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள். மேல் மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

முளைப்பு குறைந்ததற்கு ஒரு காரணம், நம் ஊர்ப் புழுக்கத்தில் விதை சீக்கிரம் வீரியம் இழப்பது. இன்னொன்று, விதையை ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சு. அது தண்ணீரை உடனே உள்ளே விடாது. தமிழ்நாட்டில் நம் பெரியவர்கள் விதையைச் சாணிக் கரைசலில் புரட்டி, சாம்பலில் உருட்டி, நிழலில் காயவைத்து விதைப்பார்கள். பஞ்சு படிந்து, விதை மண்ணோடு நன்றாக ஒட்டும். பீடோங் பக்கம் மாடு வளர்ப்பவர்களிடம் சாணி கேட்டால் கொடுப்பார்கள். ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். நல்ல விதை என்றால் ஐந்தாறு நாளில் தலை காட்டும். பருத்தியின் ஆணிவேர் இடம் மாற்றினால் தாங்காது. அதனால் நாளிதழைச் சுருட்டிச் செய்த காகிதக் கூட்டில் முளைக்கவைத்து, இரண்டு மூன்று இலை விட்டதும் கூட்டோடு நட்டுவிடுங்கள்.

ஆனால் எனக்குப் பெரிய கவலை காய் வெடிக்கும் நேரம்தான். காய் வெடிக்கும்போது மழை பிடித்தால் பஞ்சு கறுத்து அழுகும், அத்தனை நாள் உழைப்பும் வீண். விதைத்து 2 மாதத்தில் பூக்கும். பூத்து ஏறக்குறைய 50 நாளில் காய் வெடிக்கும். கெடாவில் ஜனவரி, பிப்ரவரியில் வெயில் நன்றாக அடிக்கும். எனவே அக்டோபரில் விதையுங்கள். அப்போது மழை பலமாக இருக்கும் என்பதால் நாற்றை ஓட்டுக் கூரையின் விளிம்பில், வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். நட்ட பிறகு நாள் முழுக்க வெயில் வேண்டும். செம்பனை (எண்ணெய்ப்பனை) நிழல் விழுந்தால் பூ குறையும்.

தோட்டத்து மண் புளிப்பு (அமில) மண். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு குழிக்கு ஒரு கைப்பிடி விவசாயச் சுண்ணாம்பு கலந்துவிடுங்கள். கோழி எருவை அள்ளிக் கொட்ட வேண்டாம். இலை மட்டும் தழைக்கும்.

செம்பருத்தி வேலி, வெண்டைக்காய்ப் பாத்தி பக்கத்தில் நடாதீர்கள். அவற்றில் இருக்கும் சிவப்புப் பூச்சியும் மாவுப்பூச்சியும் இதற்கும் வரும். சிவப்புப் பூச்சி காயைக் குத்தி விதையை உறிஞ்சி, பஞ்சில் கறை படியவைக்கும். காலையில் சோப்புத் தண்ணீர் வாளியில் தட்டிவிடுங்கள்.

இன்னொன்று, தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் விதை கேட்காதீர்கள். அனுமதியில்லாமல் விதை கொண்டுவருவது இங்கே குற்றம். பழைய லயத்துச் செடி இன்னும் இருந்தால் புது விதையை அங்கேயே எடுங்கள்.

ஒரு காயில் விதையோடு 4 கிராம் அளவுக்குத்தான் பஞ்சு வரும். விதை நீக்கினால் மூன்றில் ஒரு பங்கு நிற்கும். திரிக்கு 6 செடி வையுங்கள். தைப்பூசத்தை ஒட்டிப் பறிப்பதை நன்றாகக் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால், கார்த்திகை வரை வெள்ளையாக இருக்கும்.