டெட் ஹார்ன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கார் பந்தயம் பற்றிய கட்டுரையில் டெட் ஹார்னை அமெரிக்காவின் தலைசிறந்த ஓட்டுநர்களில் ஒருவர் என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். ஆண்டுதோறும் அமெரிக்காவில் நடக்கும் 500 மைல் பந்தயமான இண்டியானாபொலிஸ் 500இல் பத்து முறை ஓட்டியிருக்கிறார், ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. பிறகு எந்த அடிப்படையில் அவருக்கு அந்த இடம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஜெயித்தவர்களின் பட்டியலில் ஹார்ன் இல்லைதான். ஆனால் முதல் ஆண்டை விட்டுவிட்டு, அவர் ஓட்டிய மற்ற ஒன்பது ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள். 1936இல் இரண்டாமிடம். பிறகு மூன்று, நான்கு, நான்கு, நான்கு, மூன்று. போரினால் நான்காண்டுகள் பந்தயமே இல்லை. திரும்பி வந்து மூன்று, மூன்று, நான்கு. ஒன்பது பந்தயங்களில் ஒன்றில்கூட நான்காமிடத்துக்குக் கீழே இறங்கவில்லை.

ஒரு பந்தயத்துக்கு 200 சுற்று, ஒன்பதுக்கு 1800. ஹார்ன் ஓட்டியது 1799. அந்த ஒரு சுற்று விடுபட்டதும் வண்டிக் கோளாறால் அல்ல. 1940இல் மழை பெய்துகொண்டிருந்தது, 199 சுற்று முடித்தவரைக் கொடி காட்டி நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கால வண்டிகளை நினைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். புறப்படும் 33 வண்டிகளில் பெரும்பாலானவை பாதியில் நின்றுவிடுவது சாதாரணம். எஞ்சின் போகும், கியர் போகும், எண்ணெய் ஒழுகும். ஹார்னின் முதல் ஆண்டான 1935இல் அவருக்குக் கிடைத்தது அவசர அவசரமாகச் செய்து முடித்த மில்லர்-ஃபோர்டு வண்டி. ஸ்டியரிங் பெட்டியை எக்ஸாஸ்ட் குழாயின் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். சூட்டில் ஸ்டியரிங் இறுகி, களமிறங்கிய அந்த வகை வண்டிகள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கின. அதிக தூரம் தாக்குப்பிடித்தது ஹார்னின் வண்டி, 145 சுற்று. திரும்ப மறுக்கும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அத்தனை தூரம் போன அந்தக் கைகளை நான் மிகவும் மதிக்கிறேன்.

வில்பர் ஷா 1939, 1940இல் வென்ற அதே மஸராட்டியில் இவரால் ஏன் வெல்ல முடியவில்லை என்று அடுத்து நீங்கள் கேட்கலாம். 1946இல் ஹார்ன் கைக்கு வந்தபோது அது பழைய வண்டி. அதைக் கொண்டே 1947இல் முதல் வரிசையின் முதலிடத்திலிருந்து புறப்பட்டார். லூ மூர் அணியின் முன்சக்கர இயக்க வண்டிகளில் வந்த மாரி ரோஸும் பில் ஹாலண்டும்தான் அவரை முந்தினார்கள். இதை அவருடைய குறையாக நான் எண்ணவில்லை.

இண்டியானாபொலிஸ் ஆண்டுக்கு ஒரே நாள். அந்நாளில் தேசிய சாம்பியன் பட்டத்துக்கு மற்ற நாட்களில் ஊர் ஊராக மண்தடங்களில் ஓட்டிப் புள்ளிகள் சேர்க்க வேண்டியிருந்தது. அப்படிச் சேர்த்து 1946, 1947, 1948 மூன்றாண்டும் ஹார்னே தேசிய சாம்பியன். அவருக்கு முன் எவரும் தொடர்ந்து மூன்று முறை அதை வென்றதில்லை.

1948 அக்டோபர் 10 அன்று இல்லினாய் மாநிலத்தின் டூகாய்ன் மண்தடத்தில், இரண்டாவது சுற்றிலேயே, முன்சக்கரத்தைத் தாங்கும் அச்சு முறிந்து விபத்தில் இறந்தார். வயது 38. அந்த ஆண்டுப் பட்டத்துக்கு வேண்டிய புள்ளிகள் அதற்குள் அவர் கணக்கில் சேர்ந்திருந்தன.