மில் சாப்ட் ஒரே இடத்தில் முறிவது பற்றி

வணக்கம் சகோதரம். களுவாஞ்சிக்குடி நெல்லு மில்லில் 40 மில்லிமீற்றர் சாப்ட் (சுழலும் இரும்புத் தண்டு) மூன்று மாதத்துக்குள் இரண்டு தரம், பெயாரிங் பக்கத்துப் படியிலேயே, அதாவது தண்டின் தடிப்பு மாறும் இடத்திலேயே முறிந்தது, இரும்பு தரமில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரும்பைக் குறை சொல்ல முன்னம், முறிந்த முகத்தைத் துடைத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வாவி மட்டியின் ஓட்டில் இருப்பதுபோல வளைந்த வரிகளும், அவற்றுக்கு அப்பால் சொரசொரப்பான ஒரு பகுதியும் தெரிந்தால், அது ஒரே நாளில் முறிந்ததல்ல. நிமிடத்துக்கு 1000 சுற்று என்றால் எட்டு மணி நேரத்தில் 480,000 தரம் வளைந்து நிமிர்கிறது. மயிரிழை வெடிப்பு அப்படித்தான் ஊர்ந்து வளரும்.

பெரும்பாலும் குற்றம் படியின் மூலையில்தான். லேத்தில் அதைக் கூராக வெட்டிவிடுகிறார்கள். 2 மில்லிமீற்றர் வளைவு விட்டு, உளிக்கீறல் தெரியாமல் மினுக்கித் தரச் சொல்லுங்கள். அப்புறம் பெயாரிங் அந்த வளைவில் முட்டும். இடையில் உள்விளிம்பு சரித்த வளையம் ஒன்று கட்டாயம் போடுங்கள்.

சாப்டை 45 மில்லிமீற்றருக்கு மாற்றினால் தகைப்பு (இரும்பின் ஒவ்வொரு சிறு பரப்பிலும் விழும் விசை) ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். மூலை கூராகவே இருந்தால் அந்த இலாபம் நிலைக்காது. பெல்ட் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் சாப்டை இழுத்து வளைக்கும்.

தயவுசெய்து வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். நான் அப்படி ஒட்டிக் கொடுத்த ஒன்று நான்காம் நாள் ஓட்டத்திலேயே முறிந்தது. பக்கத்தில் பொடியன் ஒருவன் நின்றான், நல்லகாலம், தப்பிவிட்டான்.

முறிந்த முகத்தின் படம் ஒன்று போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.