8 மி.மீ. தைராய்டு கட்டி: இந்த வாரமே ஆபரேஷனா?

கேள்வி: எனக்கு 47 வயது. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் தைராய்டில் 8 மி.மீ. கட்டி தெரிந்தது. ஊசிப் பரிசோதனையில் பாப்பிலரி புற்றுநோய் என்று வந்தது. இந்த வாரமே முழு தைராய்டையும் எடுத்து, கதிரியக்க அயோடின் சிகிச்சையும் தர வேண்டும் என்கிறார்கள். உயிருக்கு ஆபத்தா?

பதில்: பதறாதீர்கள் அம்மா. பாப்பிலரி என்பது தைராய்டு புற்றுநோயில் ஒரு வகை. 1 செ.மீ.க்குள் இருக்கும் பாப்பிலரி கட்டியால் உயிர் போவது மிக மிக அபூர்வம். ஜப்பானின் கோபே நகரில் உள்ள கூமா மருத்துவமனையில் 1993 முதலே இத்தகைய கட்டிகளை உடனே அறுக்காமல் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருகிறார்கள். பத்தாண்டில் நூற்றுக்கு 8 பேருக்குத்தான் கட்டி 3 மி.மீ. வளர்ந்தது, நெறிகட்டிக்கு (கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுக்கு) பரவியது 4 பேருக்கும் குறைவு. வளரும் வாய்ப்பும் 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் அதிகம்.

அளவைவிடக் கட்டி இருக்கும் இடம் முக்கியம். மூச்சுக்குழாயை ஒட்டியோ, குரல் நரம்பு போகும் பின்பக்கத்திலோ இருந்தால், நெறிகட்டியில் பரவியிருந்தால், ஆபரேஷன்தான் சரி. நீங்கள் அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருப்பது 'வலது லோபில் முடிச்சு', அதாவது தைராய்டின் வலது பாதியில் கட்டி, என்ற ஒரே வரி. நெறிகட்டி பற்றி ஒரு சொல் இல்லை! காசு வாங்கிக்கொண்டு இப்படியா எழுதிக் கொடுப்பது? நல்ல இடத்தில் கழுத்து முழுவதும் மறுபடி ஸ்கேன் எடுங்கள்.

'இன்றே அட்வான்ஸ் கட்டினால் பேக்கேஜில் தள்ளுபடி' என்று போன் செய்யும் ஆஸ்பத்திரி கோஆர்டினேட்டர்களிடம் ஏமாறாதீர்கள். ஆள் சேர்ப்பதுதான் அவர்கள் வேலை. கட்டியின் ஜீன் டெஸ்ட் எடுக்கலாம் என்றால் அதற்கும் தலையாட்டாதீர்கள். இந்த அளவுக் கட்டியில் அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பரவாத சின்னக் கட்டிக்கு அயோடின் தேவையே இல்லை. முழு தைராய்டையும் எடுத்தால் வாழ்நாள் முழுக்க மாத்திரை. சிலருக்குக் கால்சியம் இறங்கி விரல் மரத்துப்போகும். ஆபரேஷன் அவசியமானாலும் பெரும்பாலும் பாதி எடுத்தாலே போதும்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். தைராய்டு புற்றுநோயில் மெடுல்லரி என்ற இன்னொரு வகைக்கு இந்த ஆறுதல் எதுவும் பொருந்தாது. அது 5 மி.மீ. இருந்தாலும் பரவலாம், சிலருக்குக் குடும்பவழியாகவும் வரும். ரத்தத்தில் கால்சிட்டோனின் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். உங்கள் அம்மா, அண்ணன், தங்கை யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்று விசாரியுங்கள். இருந்தால் கண்டிப்பாக டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசிப் பரிசோதனையின் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, வேறொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டுங்கள். தரமாட்டோம் என்றால் எழுத்தில் கேளுங்கள்.