கிண்ணத்துல வைனா, ஜூஸா?

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரரு குடிய விட்டு இப்பதான் கொஞ்ச காலம் ஆவுது, கிளினிக்ல மாத்திரையும் குடுத்திருக்காங்க. நான் மெதடிஸ்ட் சபையில வளந்தவ, அங்க திருவிருந்துக்கு, அதான் இயேசுவோட கடைசி ராச்சாப்பாட்ட நெனச்சு அப்பமும் கிண்ணமும் எடுக்குறதுக்கு, சின்ன சின்ன கப்புல திராட்ச ஜூஸ்தான். கல்யாணத்துக்கு பொறகு அவரோட ஆங்கிலிக்கன் கோயிலுக்கு போறேன், இங்க ஒரே கிண்ணத்துல வைன். அவரு குடிக்கலாமா? ஜூஸெல்லாம் திருவிருந்தே இல்லங்கிறாங்க மாமியார், இயேசு குடுத்ததே ஜூஸ்தாங்கிறாங்க எங்கம்மா. யாரு சொல்றது சரி?
- பெயர் வேண்டாம், தலவாக்கலை

பதில்: மொதல்ல அந்த மாத்திரைய பாருங்க தங்கச்சி. குடிய விட்டவங்களுக்கு குடுக்குற டைசல்பிராம்னு ஒன்னு இருக்கு, அதுன்னா ஒரு மொடக்கு வைன் உள்ள போனாலும் மொகம் செவந்து நெஞ்சு படபடன்னு அடிச்சு வாந்தி வரலாம், அதனால என்ன மாத்திரைன்னு கிளினிக்ல கேக்குற வரைக்கும் அவரு கிண்ணத்த தொடவே வேணாம்.

இனி அம்மா கதை. இயேசு அந்த கடைசி விருந்து வச்சது யூதருங்க பஸ்கா பண்டிகையில, அது வர்றது மார்ச் ஏப்ரல்ல, அந்த நாட்டுல திராட்ச அறுப்பு ஆகஸ்ட் செப்டெம்பர் பக்கம், ஃப்ரிஜ் இல்லாத காலத்துல ஆறு மாசம் ஜூஸ் ஜூஸாவே கெடக்குமா? பைபிள்ல 1 கொரிந்தியர் 11ல திருவிருந்துக்கு வந்து சிலபேரு வெறிச்சு கெடக்குறாங்கன்னு பவுல் ஏசுறாரே, ஜூஸ் குடிச்சா வெறிக்கும்? கெட்டுப்போகாத ஜூஸ் வந்ததே 1869ல, அமெரிக்காவுல தாமஸ் வெல்ச்னு ஒரு பல் டாக்டரு, அவரும் உங்கம்மா மாதிரி மெதடிஸ்ட்தான், லூயி பாஸ்டர்ங்கிற பிரான்ஸ் விஞ்ஞானி கண்டுபுடிச்ச முறையில போத்தலோட சூடாக்கி நொதிக்காம பண்ணுனாரு, அதுவும் திருவிருந்துக்குன்னே.

சும்மா வீட்டுல செய்ற ஜூஸும் லேசுப்பட்டதில்ல. திராட்சய அவிச்சு வடிச்சு போத்தல்ல ஊத்தி கோயில் அலுமாரியில வச்சிட்டு மறந்துட்டா, அடுத்த தடவ மூடிய தொறக்கும்போதே டப்புன்னு சத்தம், நொர தள்ளிக்கிட்டு வரும், ஜூஸ்னு நம்பி குடிக்கிறது வைன் ஆக ஆரம்பிச்சிருச்சின்னு அர்த்தம். அம்மா வீட்டு பக்கம் போனாலும் இத கேட்டுக்குங்க.

மாமியார் சொல்றதும் அவங்க சபைப்படி பொய்யில்ல, 1888லயே, உலகத்து ஆங்கிலிக்கன் பிஷப்மாரு கூடுற லாம்பெத் மாநாட்டுல, நொதிக்காத ஜூஸ் கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க. அதுக்காக மெதடிஸ்ட்காரங்க எல்லாம் இத்தன காலமா வெறும் ஜூஸ குடிச்சிட்டு வீட்டுக்கு போனாங்கன்னு சொல்றதா, எனக்கு அது கொஞ்சம் கூடுதலா படுது. வைன்தான் வேணும்னு சட்டமே வச்சிருக்கிற கத்தோலிக்கருங்க கூட, குடிநோய் உள்ள பாதர்மாருக்கு பிஷப் அனுமதியோட மஸ்டம்னு ஒன்ன விடுறாங்க, நொதிக்க ஆரம்பிச்சதும் நிப்பாட்டின திராட்ச சாறு அது. ஆனா அதுலயும் துளி ஆல்கஹோல் இருக்கலாம், உங்க வீட்டுக்காரருக்கு அதுவும் வேணாம்.

அவரு அப்பம் மட்டும் எடுக்கட்டும். அது பாதி திருவிருந்து இல்ல, முழு திருவிருந்துதான்னு ஆங்கிலிக்கன், கத்தோலிக்கம் ரெண்டு பக்கமும் ஒத்துக்கிறாங்க, மாமியாருக்கும் பாதர் வாயாலயே இத சொல்ல வைங்க. ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடியே பாதர்கிட்ட பேசிருங்க, சில பாதர்மாரு அப்பத்த வைன்ல தொட்டு குடுப்பாங்க, அது கூடாதுன்னும் சொல்லிருங்க. விட்டவருக்கு ருசி மட்டுமில்ல, அந்த வாசமும் ஆசைய கெளப்பலாம், வர்ற வழியில தவறண வேற இருக்கும். கொஞ்ச நாளைக்கு நீங்களும் அவரோட முழங்கால்ல நின்னு அப்பம் மட்டும் எடுத்தீங்கன்னா, அவரு மட்டும் ஏன் கிண்ணத்த விடுறாருன்னு லயத்துல ஒரு பேச்சு வராது.