பழைய மினியில் பால் ஜாயின்ட் ஆட்டம்: ஷிம்மைக் குறைத்தால் போதுமா?

பழைய மினி காரின் முன்சக்கரம் ஆடுகிறது, பால் ஜாயின்ட்டில் (சக்கரத்தைத் தாங்கும் பந்து மூட்டு) ஷிம்மை, அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய உலோக வளையத்தை, குறைத்தால் போதுமா, புது பால் ஜாயின்ட் கிட் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஆட்டம் எங்கே என்று பாருங்கள். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். தொடர்ந்தால் பெரும்பாலும் பால் ஜாயின்ட்தான்.

பழைய மினியில் இது பிரித்துச் சரிசெய்யக்கூடியது. 38 மி.மீ. சாக்கெட்டால் பெரிய நட்டைக் கழற்றி, பந்தைத் துடைத்து நகத்தால் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் ஷிம்மைக் குறைக்கலாம். குழியோ துருவோ தட்டுப்பட்டால் புது கிட் வாங்கி மாற்றுங்கள். தேய்ந்த பந்தை ஷிம்மால் இறுக்கினால் நேராகப் போகும்போது சரியாக இருக்கும், ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது இறுகிப் பிடிக்கும். அது ஆபத்து.

பூட்டு வாஷரோடு (நட்டு தளராமல் பிடிக்கும் வாஷர்) சேர்த்து நட்டை முழு டார்க்கில் (குறிப்பிட்ட முறுக்கு விசையில்) முறுக்கிய பிறகே சோதியுங்கள். பந்தோடு சேர்ந்த தண்டை (பின்) கையால் அசைத்தால் கொஞ்சம் விறைப்பாக நகர வேண்டும், மேலும் கீழும் துளியும் ஆடக்கூடாது. இதற்கு நாலைந்து முறை பிரித்து மாட்ட வேண்டி வரலாம், பொறுமையாகச் செய்யுங்கள். அப்புறம், பூட்டு வாஷர் எப்போதும் புதிதாகவே இருக்கட்டும். ரப்பர் பூட் (மூட்டை மூடும் உறை) கிழிந்திருந்தால் அதையும் மாற்றி, கிரீஸ் அடித்துவிடுங்கள்.