பெல் ஏரில் பழையது எது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

டெட்ராய்ட் வுட்வர்ட் அவென்யூ கார் ஊர்வலத்தில் பார்த்த 1957 செவ்ரோலெட் பெல் ஏர் பற்றிய உங்கள் கட்டுரையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கோவையில் 30 வருஷத்துக்கு மேல் டிங்கரிங் வேலை பார்த்தவர். இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "தரைத் தகரம் புதுசு, பெயின்ட் புதுசு, சீட் புதுசு, இன்ஜினும் வேற வண்டியோடது. அப்புறம் அதுல பழைய கார் எங்க இருக்கு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இவ்வளவு பணம் போட்டு அப்படி ஒரு காரைச் செய்வதில் என்ன பயன் என்றும் கேட்டார்.

இன்னொன்று. கூரையும் பின்பக்கத் தகரமும் சேரும் இடத்தில் இணைப்பே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். "பட்டி வெச்சு மூடியிருப்பாங்க, ரெண்டு வருஷத்துல வெடிச்சிரும்" என்கிறார். அப்படித்தானா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

அப்பாவுக்கு என் வணக்கம். அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் அவருடைய கேள்விதான் என்னை நாள் முழுக்க யோசிக்க வைத்தது.

முதலில் எது பழையது, எது புதியது என்று பார்த்துவிடலாம். சேஸ், கூரை, இரண்டு கதவுகள், பானெட், டிக்கி மூடி, டேஷ்போர்டு எல்லாம் 1957-இல் வந்தவையே. தரைத் தகரமும், கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரமும், பின் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் கீழ்ப்பகுதியும்தான் மாற்றப்பட்டவை. காரணம் உப்பு. மிச்சிகனில் பனிக்காலத்தில் சாலைப் பனி உருகுவதற்கு உப்பைக் கொட்டுவார்கள். அது சேறோடு சேர்ந்து வண்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் தேங்கும் மூலைகளில் அரிக்கத் தொடங்கும். அந்தப் பக்கம் ஓடிய ஐம்பதுகளின் கார் எதை எடுத்தாலும் முதலில் போயிருப்பது இந்த இடங்கள்தான். துரு தின்றுவிட்ட தரையை வைத்துக்கொண்டு காரை ஓட்ட முடியாது, அதை வெட்டி எடுத்ததில் தவறில்லை.

இப்போது 57 பெல் ஏருக்கு முழு உடலையும் புதுத் தகரத்தில் அச்சடித்தே விற்கிறார்கள். அதை வாங்கி, தொழிற்சாலை எண் பொறித்த பழைய தகட்டை மட்டும் அதில் பொருத்தினால் அப்பா சொல்வது முழுக்கச் சரி. அது புது வண்டி. நான் பார்த்த காரில், ஓட்டுநர் பக்கக் கதவுக் கீல் இருக்கும் தூணில் அந்தத் தகடு முதலில் இருந்த இடத்திலேயே இருந்தது. வி.சி.57எஃப் என்று தொடங்கும் எண். வி என்றால் வி-8 இன்ஜின், சி என்றால் பெல் ஏர், எஃப் என்றால் ஃப்ளின்ட் தொழிற்சாலை. ஃப்ளின்ட் அதே மிச்சிகன் மாநிலத்தில்தான் இருக்கிறது.

இன்ஜின் வேறு வண்டியுடையது என்பது உண்மை. ஆனால் அந்தக் கதையைக் கட்டுரையில் நான் முழுதாகச் சொல்லவில்லை. எழுபதுகளில் யாரோ ஒருவர் பழைய 283 கன அங்குல இன்ஜினைக் கழற்றிவிட்டு 350 கன அங்குல இன்ஜினை வைத்திருக்கிறார். அது நன்றாகவே ஓடியது, இழுவையும் அதிகம். இப்போதைய உரிமையாளர் அதை இறக்கி வைத்துவிட்டு, மறுபடி ஒரு 283-ஐத் தேடியிருக்கிறார். அதுவும் கிடைத்த 283 எல்லாம் அவருக்குப் போதவில்லை. செவ்ரோலெட் இன்ஜினின் பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பு உடல், அதன் பின் விளிம்பில் வார்த்த தேதி இருக்கும். மாதத்துக்கு ஓர் எழுத்து (ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி), பிறகு நாள், பிறகு வருஷத்தின் கடைசி எண். தன் கார் தயாரான நாளுக்குச் சில வாரங்கள் முன்னால் வார்த்த பிளாக் வேண்டும் என்று மூன்று வருஷம் அலைந்திருக்கிறார். கிடைத்தபோது அது ஒரு கொட்டகையில் கோழிகளுக்கு நடுவே கிடந்ததாம்.

இதைவிட என்னைத் தொட்டது வேறொன்று. சேஸைச் சுத்தம் செய்தபோது, பழைய அழுக்குக்கு அடியில் மஞ்சள் கிரேயானில் ஒரு சாய்வுக் கோடும் பக்கத்தில் ஒரு எண்ணும் தெரிந்திருக்கின்றன. தொழிற்சாலை வரிசையில் நின்ற தொழிலாளி, இதைப் பார்த்தாயிற்று என்பதற்குப் போட்ட அடையாளம். உரிமையாளர் அதைப் படம் எடுத்து, அளந்து குறித்து வைத்துக்கொண்டு, பெயின்ட் அடித்து முடிந்த பிறகு அதே இடத்தில் அதே சாய்வில் மஞ்சள் கிரேயானால் எழுதியிருக்கிறார். எனக்குக் காட்ட வேண்டும் என்று தரையில் படுத்து டார்ச் அடித்தார். நானும் படுத்துப் பார்த்தேன். கோட்டின் கடைசியில் கை அவசரமாக விலகியதால் வந்த ஒரு வால் இருந்தது. அதையும் அவர் விடவில்லை.

அப்பாவின் கேள்விக்கு என் பதில் இதுதான். பழைய கார் அந்த அடங்கிய கையில் இருக்கிறது. நல்ல இன்ஜினை இறக்கிவிட்டுச் சக்தி குறைந்ததை ஏற்றுகிற மனத்தில் இருக்கிறது. தனக்கு நல்லது என்று படுவதைச் செய்யாமல், அன்று அவர்கள் செய்ததையே செய்வது. அப்படி வைத்த புதுத் தகரத்தைப் பழைய காரின் பாகமாகவே நான் எண்ணுகிறேன். அந்த அடக்கம் இல்லாதபோது, எல்லாத் தகரமும் பழையதாகவே இருந்தாலும் கார் கைவிட்டுப் போய்விடுகிறது.

பெயின்ட் விஷயத்தில் எனக்கு உரிமையாளரோடு உடன்பாடு இல்லை, அவரிடமும் சொன்னேன். கீழே லார்க்ஸ்பர் ப்ளூ, கூரை இந்தியா ஐவரி, நிறங்கள் சரிதான். ஆனால் 1957-இல் அடித்தது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற பழைய வகைப் பெயின்ட். அதன் பளபளப்பு மெல்லியது, தோலின் மினுமினுப்பு போல மேலோடு நின்றுவிடும். இவர் அடித்திருப்பது இன்றைய முறை. நிறத்துக்கு மேல் தெளிவான பூச்சு, பிறகு பாலீஷ். பார்த்தால் கண்ணாடிக்குள் கார் இருப்பது போல ஆழமாக மின்னுகிறது. ஃப்ளின்ட்டிலிருந்து எந்த பெல் ஏரும் அப்படி வெளியே வந்ததில்லை. கண்காட்சியில் பரிசு கிடைக்கும், ஆனால் கிரேயான் கோட்டை அப்படிக் காப்பாற்றிய மனிதர் இங்கே விட்டுக்கொடுத்தது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

முதல் பெயின்ட் ஓரளவு பிழைத்திருக்கும் வண்டியைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. 2013 செப்டம்பரில் நெப்ராஸ்காவின் பியர்ஸ் என்ற சின்ன ஊரில், மூடிப்போன ஒரு செவ்ரோலெட் டீலரிடம் விற்காமல் கிடந்த வண்டிகளை ஏலம் விட்டார்கள். தூசியும் துருவும் குழிகளுமாக அப்படியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1.3 மைல் மட்டுமே ஓடிய 1958 கேமியோ பிக்-அப் ஒன்று 1,40,000 டாலருக்குப் போனது. வாங்க வந்தவர்களுக்கு அந்தத் தூசியும் வேண்டியிருந்தது. எனக்கு அது புரிகிறது.

ஆனால் தொடாமல் வைத்தால் மட்டும் பிழைத்துவிடாது. ஓக்லஹோமா மாநிலத்தின் 50-ஆவது ஆண்டுக்காக, 1957 ஜூன் 15 அன்று டல்ஸா நகரில் ஒரு புத்தம்புது பிளைமவுத் பெல்வெடீரைக் கான்கிரீட் தொட்டியில் இறக்கிப் புதைத்தார்கள். 2007-இல் டல்ஸாவின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று சரியாக ஊகிப்பவருக்கு அந்தக் கார். 50 வருஷம் கழித்துத் திறந்தபோது தொட்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. சீட்டுகள் கூழாகியிருந்தன, தகரம் பல இடங்களில் காகிதமாகியிருந்தது. அதிகம் நெருங்கி ஊகித்தவரும் 1979-லேயே இறந்துவிட்டிருந்தார். அந்தக் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியவில்லை. மேல் துருவைக் கரைத்து எடுத்ததோடு சரி.

அப்பாவின் வேலைக்கு இவர்கள் யாரையும்விட நெருங்கியவர்கள் கியூபாவில் இருக்கிறார்கள். புரட்சிக்குப் பிறகு அமெரிக்கக் கார்களும் உதிரிபாகங்களும் அங்கே வருவது நின்றுபோனது. ஐம்பதுகளின் செவ்ரோலெட்டுகளில் கிடைத்த டீசல் இன்ஜினை வைத்து, உடைந்த பாகத்தைக் கடைசல் பட்டறையில் தாங்களே செய்து, இன்றும் ஷேர் டாக்ஸியாக ஓட்டுகிறார்கள். அல்மென்ட்ரோன் என்று பெயர். பெரிய பாதாம் என்று அர்த்தம். அவற்றைப் புதுப்பித்த கார்கள் என்று சொல்ல முடியாது, நிற்கவே விடாத கார்கள். தேதி பார்த்து பிளாக் தேடுவதற்கு அவர்களுக்கு வசதியும் இல்லை, அவசியமும் இல்லை. அந்தப் பட்டறைகளில் அப்பாவைக் கொண்டுபோய் விட்டால் மொழி தெரியாமலேயே அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுவார் என்று நினைக்கிறேன்.

பணம் பற்றி: விற்றால் போட்டது திரும்பி வராது என்று உரிமையாளரே சொன்னார். அவருக்கு விற்கும் எண்ணமும் இல்லை.

கடைசியாக அந்த இணைப்பு. அங்கே பட்டி இல்லை, ஈயம். தொழிற்சாலையிலேயே அப்படித்தான் செய்தார்கள். இரண்டு தகரத்தையும் பற்றவைத்து, இணைப்பில் வெள்ளீயப் பூச்சு கொடுத்து, அதன் மேல் ஈயமும் வெள்ளீயமும் கலந்த கம்பியை நெருப்புக் காட்டி இளக்குவார்கள். அது தண்ணீராகவும் ஆகாமல் கெட்டியாகவும் ஆகாமல் வெண்ணெய் போல நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள், கொழுப்பு தடவிய மரக்கட்டையால் இழுத்து நிரவிவிட வேண்டும். ஆறிய பிறகு அரம் போட்டுச் சமன் செய்வார்கள். சூடு கூடினால் வழிந்துவிடும், குறைந்தால் ஒட்டாது. நடுத்தூண் இல்லாத ஹார்ட்டாப் என்பதால் கூரையில் அசைவு அதிகம். அங்கே கனமாகப் பட்டி வைத்திருந்தால் அப்பா சொன்னபடி வெடித்திருக்கும். உரிமையாளர் பழைய ஈயத்தை இளக்கி எடுத்துவிட்டு, மறுபடி ஈயமே வைத்திருக்கிறார்.

கையை வைத்துப் பாருங்கள் என்றார். கண்ணை மூடிக்கொண்டு கூரையிலிருந்து வால்துடுப்பு தொடங்கும் இடம் வரை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினேன். எங்கேயும் மேடு தட்டவில்லை, பள்ளமும் தட்டவில்லை. இதை அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் காலத்தில் கோவையில் யாராவது ஈயம் வைத்து வேலை பார்த்தார்களா என்று கேட்டு எழுதுங்கள்.